பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

வீடு காலி செய்த அன்றுதான் பீரோவை நகர்த்தினோம். நான்கு வருடம் ஒரே இடத்தில் நின்ற பீரோ. இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததும் அதன் பின்னால் சுவரில் பீரோவின் அளவுக்கே, பீரோவின் வடிவத்திலேயே ஒரு கறுப்புப் படலம் தெரிந்தது. ஓரத்தில் பச்சை, நடுவில் கறுப்பு. தரையை ஒட்டிய இடத்தில் காரை பெயர்ந்து உப்பு பூத்திருந்தது. ஈரத்துணியைச் சுருட்டி வைத்து மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. பீரோவிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் என் மகன் தினமும் தலை வைத்துப் படுப்பான்.

அவனுக்கு அப்போது ஐந்து வயது. ஒன்றரை வயதில் ஆரம்பித்த மூச்சிரைப்பு. இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். எழுப்பி உட்கார வைத்து, நெபுலைசர் வைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு விடியும்வரை நடப்பேன். அந்த நான்கு வருடத்தில் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சொல்லாத குற்றம் இல்லை. பிள்ளைக்குச் சரியாகப் போர்த்திவிடவில்லை என்று அத்தை என்னைச் சொன்னார். உங்கள் வம்சத்தில் இருக்கிற சீக்கு இது என்று நான் திருப்பிச் சொன்னேன். "நீ பயந்து பயந்துதான் அவனை இப்படி ஆக்கி வைத்திருக்கிறாய்" என்று என் கணவர் ஒருநாள் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை. சுவரை யாரும் குற்றம் சொல்லவில்லை.

ஏழு வருடத்தில் மூன்று வாடகை வீடுகள். மூன்றிலும் இருந்தது அதே ஐந்து பேர்தான்: நான், என் கணவர், அவருடைய அம்மா, மகள், மகன். ஆனால் வீடு மாறும்போதெல்லாம் எங்கள் உடம்பு மாறியது, தூக்கம் மாறியது, பேச்சின் தொனிகூட மாறியது. வீட்டில் இருந்த குறையையெல்லாம் ஆட்களின் குறையாக எடுத்துக்கொண்டு இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அந்த நிலையில் இன்றும் இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வீடு தரைத்தளத்தில் பின்பக்கம். இரண்டு அறை, ஒரு சமையலறை. படுக்கையறைக்குள்ளேயே குளியலறைக் கதவு. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் மதில் சுவர். வாடகை கட்டுப்படியானது, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது, அதனால் போனோம். போன ஆறாவது மாதமே சுவரின் அடியில் பெயின்ட் கொப்பளித்தது. வீட்டுக்காரரிடம் சொன்னோம். ஆள் வைத்துச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அடுத்த வருடம் மறுபடியும் கொப்பளித்தது, மறுபடியும் பெயின்ட். பூஞ்சையின்மேல் பெயின்ட் அடித்தால் சில மாதம் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் செலவு செய்த காசெல்லாம் வீண்.

ஈரம் வருகிற வழி ஒன்றல்ல என்பதே எனக்கு அப்போது தெரியாது. தரையிலிருந்து மேலே ஏறுவது ஓதம். அது சுவரின் அடிப்பகுதியில், பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்குள், கோடு போட்டதுபோல நிற்கும், உப்பு பூக்கும். குழாய் கசிவோ மழைக் கசிவோ என்றால் ஓர் இடத்தில் திட்டாக ஆரம்பித்துப் பரவும், மழை பெய்தால் பெரிதாகும். மூன்றாவது வகைதான் நாம் கவனிக்காமல் விடுவது. அந்த ஈரத்தை உண்டாக்குவது நாமே. சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்க முடியாமல் விட்டுவிடும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் பூக்கிறது இல்லையா, அதேதான் சுவரிலும் நடக்கிறது. மழை நாட்களில் துணியையெல்லாம் அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தினோம். துணியில் இருந்த தண்ணீர் எங்கே போகும்? குளித்துவிட்டு வரும்போது ஆவி படுக்கையறைக்குள் வரும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஐந்து பேர் இரவு முழுக்க மூச்சு விடுவோம். அத்தனை ஈரமும் அறையிலேயே மிகவும் குளிர்ந்த, காற்றே படாத இடமாகப் பார்த்துப் போய் ஒட்டியது. அந்த இடம் பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

எங்கள் சுவரில் இரண்டும் சேர்ந்திருந்தன, கீழே ஓதம், மேலே எங்கள் ஈரம். எது எது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுவரைத் துடைத்துக் காயவிட்டு, கையகல அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால், அறையைப் பார்த்த பக்கம் ஈரம் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் இருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. முதல் வகையை நாமே பெருமளவு சரிசெய்யலாம். இரண்டாவதை வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பெயின்ட் மருந்தல்ல. இது முன்பே தெரிந்திருந்தால் வீட்டுக்காரரிடம் 'சுவர் கெட்டுப்போகிறது' என்று பொதுவாகச் சொல்லியிருக்க மாட்டேன். தேதி போட்டுப் படம் எடுத்து, என்ன வேலை தேவை என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

புது இடத்தில் மகனைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டதே, "வீட்டில் ஓதம் இருக்கிறதா? பூஞ்சை இருக்கிறதா? இவன் எங்கே படுக்கிறான்?" என்றுதான். அதற்கு முன் யாரும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் வரும் ஆபத்து கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மகனுக்கு வந்தது முழுக்கச் சுவரால்தான் என்று நான் சொல்லவில்லை, உடல்வாகும் இருக்கிறது என்று மருத்துவரே சொன்னார். ஆனால் அந்த வீட்டை விட்டு வந்த முதல் வருடத்தில் இரவில் நெபுலைசர் எடுத்தது மூன்றே தடவை. முன்பெல்லாம் மாதத்துக்கு அதைவிட அதிகம்.

வீடு மாறு என்று சொல்வது எளிது. நாங்கள் மாறவே நான்கு வருடம் ஆனது. அதனால் அதே வீட்டில் இருந்துகொண்டே செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். பெரிய சாமான் எதையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள். குளித்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இருபது நிமிடம் ஓட விடுங்கள். காலையில் எழுந்ததும் எதிரெதிரே இருக்கிற கதவு, ஜன்னல் இரண்டையும் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று அசையாது, போகவும் வழி வேண்டும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதம்வரை இருப்பது நல்லது, 60-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சைக்கு இடம் கிடைக்காது. ஈரமான சூழலுள்ள இடங்களில் 60-க்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம்தான், அப்போது காற்றை ஓட விடுவதுதான் வழி. எது நனைந்தாலும் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும், மெத்தையாக இருந்தாலும் சரி, சுவராக இருந்தாலும் சரி. ஒரு சதுர மீட்டருக்குள் இருக்கிற பூஞ்சையை மூக்கு, வாயை மூடிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்து நாமே துடைத்துக் காயவைக்கலாம். மூச்சிரைப்பு உள்ளவர் அந்த நேரத்தில் அறையில் இருக்கக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: ப்ளீச்சிங் திரவத்தோடு வேறு எந்தச் சுத்தம் செய்யும் மருந்தையும் கலக்காதீர்கள். அமோனியாவோ அமிலமோ சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இரண்டாவது வீட்டை நாங்கள் ஆத்திரத்தில் தேர்ந்தெடுத்தோம். ஓதமே இருக்கக் கூடாது என்ற ஒரே எண்ணம். அதனால் மேல் தளம், பெரிய ஹால், நாலாபக்கமும் ஜன்னல். பார்க்கப் போனபோது காலை பத்து மணி, காற்று பிய்த்துக்கொண்டு போனது. வெயில் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு அங்கே இருந்து பார்த்திருந்தால் போயிருக்க மாட்டோம். தலைக்குமேல் இருக்கிற கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி நமக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே கீழே தள்ளும். தூங்க ஆரம்பிக்கும்போது நம் உடம்பின் உள்வெப்பம் இயல்பாகவே கொஞ்சம் இறங்க வேண்டும். அறை சூடாக இருந்தால் அது இறங்காது, தூக்கம் மேலோட்டமாகவே நின்றுவிடும். மூன்று மாதத்தில் வீட்டில் எல்லோரும் சிடுசிடுவென்று ஆகிவிட்டோம். மகள் பள்ளியில் தூங்கிவிழுகிறாள் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார்கள். அவளைத்தான் திட்டினேன்.

மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூச வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தோம். அதற்கப்புறம் தேவலை. ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் கட்டுவது நல்லது என்பதும் அங்கே கற்றதுதான். கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்துவிட்டால் திரை என்ன செய்யும்? மேற்கு ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் பச்சை நிழல்வலை கட்டியதில் சாயங்காலச் சூடு நன்றாகக் குறைந்தது.

சத்தத்தை மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டிகள் வேகம் குறைத்துத் திரும்புகிற முனை அது. இரவு முழுக்க ஹாரன், பிரேக். படுக்கையறைக்குள் இரவில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால்தான் நல்ல தூக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்னது. காதோடு காதாகப் பேசுகிற அளவுதான் அது. கைபேசிச் செயலியில் ஒருநாள் நடுராத்திரி பார்த்தேன், 52 காட்டியது. கைபேசி துல்லியமான கருவி அல்ல என்று தெரியும், இருந்தாலும் அடுத்த அறையில் அது 38 காட்டியபோது வித்தியாசம் புரிந்தது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. ஜன்னலைச் சாத்தினால் சூடு, திறந்தால் சத்தம். வீடு கட்டியவர் 'படுக்கையறை' என்று வைத்த அறையில்தான் படுக்க வேண்டும் என்று சட்டமில்லையே என்று எனக்குத் தோன்ற ஒரு வருடம் ஆனது. பின்பக்கம் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து பிள்ளைகளையும் அத்தையையும் அங்கே படுக்க வைத்தோம். மகள் பள்ளியில் தூங்குவது அந்த மாதமே நின்றது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

அத்தை விழுந்ததும் அந்த வீட்டில்தான். ராத்திரி எழுந்து குளியலறைக்குப் போகிற வழியில், நிலைப்படியில் கால் தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, அந்த மட்டில் தப்பினோம். ஆனால் அடி பட்டதைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை வாட்டியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். கேட்டால் "தாகமில்லைம்மா" என்பார். ஒரு மாதம் கழித்துச் சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தபோதுதான் உண்மையைச் சொன்னார்: "ராத்திரி எழுந்தால் உன்னை எழுப்ப வேண்டியிருக்கும். பகலெல்லாம் நீ ஓடுகிறாய்."

அவர் பயந்தது அரை அங்குல நிலைப்படிக்கும், கைக்கு எட்டாத விளக்கு ஸ்விட்சுக்கும். வயதானவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அவருடைய கட்டிலில் படுத்துப் பாருங்கள். அங்கிருந்து எழுந்து குளியலறைவரை நடந்து பாருங்கள். எங்கே கை எதையாவது பிடிக்கத் தேடுகிறதோ அங்கே கைப்பிடி வேண்டும். எங்கே கால் தயங்குகிறதோ அங்கே வெளிச்சம் வேண்டும். நான் அப்படி நடந்து பார்த்தபோது, இருபது தப்படிக்குள் நான்கு இடத்தில் தயங்கினேன், எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கைப்பிடியைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். காற்றை உறிஞ்சி ஒட்டும் வகை ஆளின் கனத்தைத் தாங்காது. துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், அது கையோடு வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வீடும் ஆரோக்கியமும் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலை அந்தச் சமயத்தில்தான் படித்தேன். இட நெருக்கடி, குளிர், வெப்பம், வீட்டுக்குள் நேரும் காயங்கள், நடமாட முடியாதவர்களுக்கு ஏற்ற வசதி என்று அதில் இருந்த தலைப்புகளைப் பார்த்ததும், எங்கள் வீட்டுச் சண்டைகளை யாரோ தலைப்பு வாரியாக எழுதி வைத்ததுபோல இருந்தது. இட நெருக்கடியை அவர்கள் முதலில் வைத்திருந்தார்கள். அது சரிதான் என்பேன்.

முதல் வீட்டில் மகள் படித்தது மாடிப்படியில். வீட்டுக்குள் ஹாலில் தொலைக்காட்சி, உள்ளறையில் தம்பி, சமையலறையில் நான். ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாவது படியில் உட்கார்ந்து, நான்காவது படியை மேசையாக வைத்துக்கொண்டு எழுதுவாள். யாராவது ஏறி இறங்கினால் நோட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவாள், அவர்கள் போனதும் மறுபடி விரித்து வைப்பாள். அந்த அசைவு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. படிப்பில் கவனமில்லை என்று அவளைப் பற்றி நாங்கள் குறைப்பட்டுக்கொண்ட வருடம் அது.

இப்போது இருக்கிற வீடு இரண்டாவது வீட்டைவிடச் சிறியது. இருந்தாலும் ஆளுக்கொரு மூலை உண்டு. வந்த முதல் வாரத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். மகளுக்கு ஜன்னலோரம் மேசை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு புத்தக அலமாரியைக் குறுக்கே போட்டுத் தடுப்பு. அவள் அலமாரிக்கு அந்தப் பக்கம் இருந்தால், கூப்பிட்டு அனுமதி கேட்டுத்தான் யாரும் போக வேண்டும். அத்தைக்கு வாசல் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலி, அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. மகனுக்குக் கட்டிலுக்கடியில் ஒரு இழுப்பறை, அதை நான் துப்புரவு செய்யக் கூடாது. என் கணவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது" என்றார். மூலை என்பது நேரமாகவும் இருக்கலாம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நானும் காலையில் அரை மணி எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் எந்த ஆலோசனையும் செய்யாததை இந்த இரண்டு அரை மணிகள் செய்திருக்கின்றன.

சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் குடும்பத் தம்பதிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், கணவன் மனைவி இருவரையும் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். வீடு அடைசலாக இருக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்கிற மாதிரி பேசிய பெண்களுக்கு, சாயங்காலத்தில் இறங்க வேண்டிய கார்டிசால் என்கிற அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. ஆண்களிடம் அந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நாற்காலியில் குவிந்திருக்கும் துணியை அவர் நாற்காலியில் இருக்கிற துணியாகப் பார்ப்பார், எனக்கு அது நான் செய்யாமல் விட்ட வேலையாகத் தெரியும். இதை நாங்கள் வெளிப்படையாகப் பேசினோம். அப்புறம் துணி மடிப்பது அவருடைய வேலையானது. வீட்டை அழகாக்குவது எப்படி என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். யார் மடிப்பது என்று தீராதவரை எத்தனை அலமாரி வாங்கினாலும் நாற்காலி நிரம்பும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், விளக்குப் போட்ட அறைக்குள் பெரும்பாலும் சில நூறுதான். பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே கண்ணில் தனிச் செல்கள் உண்டு என்பது 2002 வாக்கில் உறுதியானது. காலை வெளிச்சம் கிடைக்கிற இடத்தில் முதல் ஒரு மணி நேரத்தைக் கழிப்பதும், இரவு எட்டு மணிக்கு மேல் வெள்ளைக் குழல்விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கு போடுவதும் காசில்லாத வைத்தியம். ஜன்னலில் மரம் தெரிந்தால் இன்னும் நல்லது. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலிமருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. முதல் வீட்டின் மதில் சுவர் ஜன்னலை நான் நினைத்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணில் படுகிற விஷயங்கள். படாத ஒன்று, எவ்வளவு நாள் இங்கே இருப்போம் என்பது. முதல் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. மகள் வரைந்த படங்களை டேப் போட்டு ஒட்டுவோம், ஓதத்தில் இரண்டு நாளில் விழுந்துவிடும். இரண்டாவது வீட்டில் வருடா வருடம், புதுப்பிக்கிற மாதம் வந்தாலே, 'காலி செய்யச் சொல்வார்களோ' என்று வயிற்றைப் பிசையும். அந்தப் பயத்திலேயே ஒழுகுகிற குழாயைப் பற்றிக்கூட வாய் திறக்க மாட்டோம். ஐ.நா.வின் குழு ஒன்று 1991-இல் போதுமான வீடு என்றால் என்ன என்று ஏழு அம்சங்களைச் சொன்னது. அதில் முதலில் வைத்தது குடியிருப்பதற்கான பாதுகாப்பை. சுவருக்கும் கூரைக்கும் முன்னால் அது ஏன் வர வேண்டும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வீட்டில் யாரும் கைப்பிடி பொருத்த மாட்டார்கள், குறையைச் சொல்ல மாட்டார்கள், செடி வைக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

அதனால் மூன்றாவது வீடு பார்க்கும்போது நிதானமாக இருந்தோம். ஒரே வீட்டை மூன்று தடவை போய்ப் பார்த்தோம், ஒருநாள் மதியம், ஒருநாள் இரவு பத்து மணிக்கு, ஒருநாள் மழை பெய்து முடிந்ததும். மழை நாளில் பார்த்ததுதான் அதிகம் சொன்னது. சுத்தமான காற்று, சுத்தமான தண்ணீர், சரியான வடிகால், துப்புரவு, வெளிச்சம் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வீட்டின் ஆரோக்கியத்துக்கு ஐந்து விஷயங்களைச் சொன்னார். அதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போனேன். அலமாரிக் கதவுகளைத் திறந்து முகர்ந்தேன். அதில் அடைந்து கிடக்கிற வாடை பொய் சொல்லாது. புதுப் பெயின்ட் ஒரு சுவரில் மட்டும் இருந்தால் ஏன் என்று கேட்டேன். கழிவறையில் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்தேன். முன்பு குடியிருந்தவர்கள் எவ்வளவு நாள் இருந்தார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தேன். பத்து மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற வீடு என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. வாடகை எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். மருந்துச் செலவையும், வேலைக்குப் போகாமல் விடுப்பு எடுத்த நாட்களையும் கூட்டிப் பார்த்தபோது, பழைய வீட்டின் வாடகை குறைவு என்று நினைத்தது கணக்குத் தப்பு என்று தெரிந்தது. அதற்காகச் சக்திக்கு மீறி வாடகை கொடுக்கவும் சொல்ல மாட்டேன். மாதக் கடைசி பயமும் தூக்கத்தைக் கெடுக்கும்.

சரி, இந்த வீடும் குறையில்லாதது அல்ல. குளியலறைக்குப் பின் சுவரில் ஒரு திட்டு இருக்கிறது. ஆறு மாதமாகப் பென்சிலால் அதன் ஓரத்தைக் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை கோட்டைத் தாண்டவில்லை. அத்தையின் கட்டிலிலிருந்து குளியலறைவரை கைப்பிடியும் அசைவறிந்து எரியும் சின்ன விளக்குகளும் வைத்தாயிற்று. சாயங்காலமும் இப்போது தண்ணீர் குடிக்கிறார். சில இரவுகளில் அந்த விளக்கு எரிவதும், கைப்பிடியில் அவருடைய வளையல் உரசுவதும் அரைத்தூக்கத்தில் எனக்குத் தெரியும்.

ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று வருடமாகப் போட முடியுமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். பழைய வீட்டில் இருந்த நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். திட்டையும் காட்டினேன், பென்சில் கோட்டையும் காட்டினேன். "நீங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறீர்கள், எனக்கும் ஆள் மாறுவது தொல்லைதான்" என்று சொல்லிச் சம்மதித்தார். கிளம்பும்போது ஆணி விஷயத்தையும் கேட்டுவிட்டேன். அடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அளவுகோலை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு அந்தப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு அனுமதி கேட்டுவிட்டு நானும் போய்ப் பார்த்தேன். மேசைக்கு மேலே சுவரில், அவள் கண்மட்டத்துக்குச் சரியாக, பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள்.